பதினொரு குத்தில் ஓர் அம்மா

சங்கரன்கோவில்,
ஜனவரி 4.

பிரெயில் ஸ்லேட்டும் ஸ்டைலஸும் செய்த, பெயர் தெரியாத கைகளுக்கு,



இந்த மடல் உங்கள் கைக்கு வந்துசேரும் என்ற நம்பிக்கை எனக்குப் பெரிதாக இல்லை. டேராடூன் பட்டறையில் தகடு வெட்டி, குழி பதித்து, கீல் பொருத்திய உங்களில் பலர் இந்நேரம் ஓய்வுபெற்றுப் பேரன் பேத்திகளோடு இருப்பீர்கள். சிலர் இல்லாமலும் போயிருப்பீர்கள். உங்களில் தமிழ் தெரிந்தவர் யாராவது இருந்தாரா என்பதும் எனக்குத் தெரியாது. அதற்காகக் கடன் இல்லையென்று ஆகிவிடுமா? நாற்பது வருஷத்துக்கும் மேலாக என் மேசையில் கிடக்கும் ஒரு பொருளுக்கு ஒருநாளாவது வாய்விட்டு நன்றி சொல்லாவிட்டால் நான் பிள்ளைகளுக்குக் குறள் நடத்தி என்ன புண்ணியம்? அதனால் ஊரறிய எழுதுகிறேன்.

இன்று லூயி பிரெயில் பிறந்தநாள். 2019 முதல் ஐக்கிய நாடுகள் சபை இதை உலக பிரெயில் தினமாகக் கொண்டாடுகிறது. மேடை போட்டுப் பேசுகிறவர்கள் அவரைப் பற்றிப் பேசுவார்கள். நம் அரசுகூட அவருடைய இருநூறாவது பிறந்த ஆண்டான 2009-இல் அவர் உருவம் பொறித்த 2 ரூபாய் நாணயம் வெளியிட்டது. எழுத்தைக் கண்டுபிடித்தவருக்கு நாணயம் உண்டு. எழுதுகிற கருவியைச் செய்தவர்களுக்கு ஒரு மடலாவது வேண்டாமா?

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. அப்பாவுக்கு விசைத்தறி வேலை. அம்மா வீட்டில் தார் சுற்றுவாள். எங்கள் தெருவில் பிறந்த பிள்ளைக்குத் தாலாட்டே தறிச்சத்தம்தான். ஐந்து வயதில் மணல்வாரி வந்து இறங்கியது. இறங்கும்போது என் பார்வையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஆச்சி என்னைத் தூக்கிக்கொண்டு கோமதியம்மன் சந்நிதிக்கு ஓடி, புற்றுமண்ணைக் குழைத்து நெற்றி நிறைய அப்பினாள். அடுத்த வருஷம் யாரோ சொல்லி, பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போனார்கள். பனவடலிசத்திரம், தேவர்குளம், மானூர் என்று பஸ் நின்று நின்று போனது. போய் இறங்கிய இடம், 1890-இல் ஆஸ்க்வித் என்ற ஆங்கிலேய மிஷனரி அம்மையார் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளி. தெற்கே நம் சீமையில் ஒரு பார்வையற்ற பிள்ளை எழுத்துக் கற்கலாம் என்று முதலில் நம்பியவர்களில் அவர் ஒருவர். அங்கேதான் உங்கள் ஸ்லேட் என் கைக்கு வந்தது.

உங்கள் வேலையை என் விரல் அறிந்த வரிசையிலேயே சொல்கிறேன். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், நான் பட்டறைக்காரன் இல்லை.

முதலில் அந்த ஜன்னல்கள். மேல்தகட்டில் வரிசை வரிசையாகச் சின்னஞ்சிறு ஜன்னல்கள் இருக்கும். கீழ்த்தகட்டில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் நேர் கீழே, மூன்று மூன்றாக இரண்டு செங்குத்து வரிசையில், ஆறு குழிகள். நடுவில் தாள். ஸ்டைலஸால் அழுத்தினால் தாள் குழிக்குள் இறங்கி, மறுபக்கம் பருக்கையாக எழும்பும். கேட்க எளிது. செய்து பார்த்தவர்களுக்குத்தானே தெரியும்? ஓர் எழுத்துக்குள் புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர். ஓர் எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்கு 6 மில்லிமீட்டர். பருக்கையின் உயரம் அரை மில்லிமீட்டர். இந்த அளவில்தான் ஆறு புள்ளியும் ஒரே விரல்நுனிக்குள் அடங்குகின்றன. கொஞ்சம் அகலமானால் விரல் மேலும் கீழும் தேடி அலையும். கொஞ்சம் நெருங்கினால் இரண்டு புள்ளி ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். மேல்தகடும் கீழ்த்தகடும் ஒரு மயிரிழை விலகினாலும் ஸ்டைலஸ் குழியைத் தவறவிட்டுத் தாளைக் கிழிக்கும். நீங்கள் விலகவிடவில்லை.

ஜன்னலின் பக்கச்சுவர் நேராக இல்லாமல் நடுவில் சின்னதாக உள்வாங்கியிருக்கிறதே, அதை யார் யோசித்தது? அந்த வளைவில் ஸ்டைலஸ் போய் உட்கார்ந்தால் நடுப்புள்ளி. மூலையில் முட்டினால் மேல்புள்ளி அல்லது கீழ்ப்புள்ளி. எழுதும்போது நான் எதையும் எண்ணுவதில்லை; சுவர் சொல்கிறது, கை கேட்கிறது. கண் செய்யவேண்டிய வேலையை ஒரு துண்டுத் தகட்டின் ஓரத்துக்குக் கற்றுக்கொடுத்துவிட்டீர்கள்.

அடுத்தது ஸ்டைலஸ். எங்கள் ஆச்சிக்கு அது கடைசிவரை 'குத்தூசி'தான். குமிழ் போன்ற கைப்பிடி உள்ளங்கைக்குள் ஒடுங்கும். ஆள்காட்டி விரல் அதன் தலைமேல் வளைந்து படியும். அழுத்தம் விரலிலிருந்து வராமல் கையிலிருந்து வருவதால் ஒரு பக்கம் எழுதினாலும் விரல் கடுக்காது. முனையை நீங்கள் கூராக்கவில்லை. கூராக இருந்தால் தாளில் ஓட்டை விழும்; ஓட்டை விரலோடு பேசாது. மொக்கையாகவும் விடவில்லை; அப்படி விட்டால் பருக்கை எழாது. கைப்பிடியில் ஒரு பக்கத்தைத் தட்டையாகச் சீவிய ஸ்டைலஸ் ஒன்று பின்னால் கிடைத்தது. அதைச் செய்தவரை நேரில் கண்டால் காலில் விழுவேன். பார்வையுள்ளவரின் பேனா மேசையிலிருந்து உருண்டால் குனிந்து எடுத்துக்கொள்வார். எனக்கு உருண்டது போனதுதான். வகுப்பு நடந்துகொண்டிருக்க, பெஞ்சுக்கடியில் நான்கு காலில் தவழ்ந்து, மற்ற பையன்களின் கால்களைத் தடவித் தடவி ஸ்டைலஸ் தேடியவனுக்குத்தான் அந்தத் தட்டையின் அருமை தெரியும்.

பிறகு அந்தப் பெரிய பலகை. தலைப்பில் தாளைக் கவ்விக்கொள்ளும் பிடி. இரண்டு ஓரத்திலும் வரிசையாகத் துளைகள். தகட்டின் முளைகள் துளையில் 'டக்'கென்று உட்காரும். இருந்த வரிகள் முடிந்ததும் தகட்டைத் தூக்கி அடுத்த துளையில் வைத்தால், விட்ட இடத்திலிருந்து பிசகாமல் தொடரலாம். இன்டர்லைன் பலகை என்பார்கள். வரிக்கும் வரிக்கும் நடுவே விட்ட சந்தில், தாளைத் திருப்பி எழுதும் வரிகள் வந்து விழும். ஒரே தாள், இரண்டு பக்கமும் எழுத்து, ஒன்றையொன்று மிதிக்காது. கெட்டித் தாளுக்குக் காசில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய சலுகை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. விடுமுறையில் ஊருக்கு வந்தால் அப்பா எனக்காகப் பழைய மாதக் காலண்டர் தாளும் கல்யாணப் பத்திரிகைகளும் சேர்த்துவைத்திருப்பார். அம்மன் படத்தின் முதுகில்தான் நான் வாய்பாடு எழுதிப் படித்தேன்.

இனி, எல்லோரும் கேட்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்லேட்டில் வலமிருந்து இடமாக, எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட்டுத்தானே எழுதவேண்டும், கஷ்டமில்லையா என்பார்கள். குத்து கீழ்நோக்கி விழுவதால் பருக்கை தாளின் மறுபக்கம் எழுகிறது. படிக்கத் தாளைத் திருப்பவேண்டும். திருப்பினால் வலது இடதாகும். அதனால் படிக்கும்போது இடது மேல்மூலையில் இருக்கவேண்டிய ஒன்றாம் புள்ளியை, எழுதும்போது வலது மேல்மூலையில் குத்தவேண்டும்.

முதல் வாரம் எனக்கு இது மண்டையில் ஏறவேயில்லை. எங்களுக்கு எழுத்துச் சொல்லித்தந்த சார்வாளும் பார்வையற்றவர்தான், வேதக்காரர்.

"எந்த ஊருலே நீ?" என்று கேட்டார்.

"சங்கரன்கோயில், சார்வாள்."

"ஒங்க ஊர் சாமிக்கு வலப்பக்கம் யாருலே?"

"சிவன், சார்வாள். இடப்பக்கம் பெருமாள்."

"எதுக்க நின்னு கும்பிடுதவனுக்கு சிவன் எந்தக் கைப்பக்கம் இருக்காரு?"

யோசித்தேன். ஆச்சி தோளில் உட்கார்ந்து, கண் இருந்த காலத்தில் பார்த்த சங்கரநாராயணர் கொஞ்சம் நினைவில் இருந்தார். "இடக்கைப் பக்கம், சார்வாள்."

"அம்புட்டுதாம்லே. ஸ்லேட்டுல குத்தும்போது நீ சாமி. தாளைத் திருப்பித் தடவும்போது நீ கும்பிடுதவன். சாமி மாறல, நீ நிக்க எடந்தான் மாறுது."

அன்றோடு குழப்பம் தீர்ந்தது. பிறகு நானே ஆசிரியராகி எத்தனையோ பிள்ளைகளுக்கு ஸ்லேட் பழக்கிவிட்டேன். 'தலைகீழாக எழுது' என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. முதல் வரிசை, இரண்டாம் வரிசை என்றே சொல்வேன். கை எந்தத் திசையில் நகர்கிறதோ அந்தத் திசையில் முதலில் வருவது முதல் வரிசை. எழுதினாலும் சரி, படித்தாலும் சரி, கணக்கு ஒன்றுதான்.

தப்பு நடக்காது என்று சொல்லவில்லை. தமிழ் பிரெயிலில் 'ல' என்பது முதல் வரிசையின் மூன்று புள்ளிகள். 'ள' என்பது இரண்டாம் வரிசையின் மூன்று புள்ளிகள். ஒன்றின் நிழல் மற்றது. ஊருக்கு எழுதிய என் முதல் கடிதத்தில் நான் 'பல்லிக்கூடத்தில்' நலமாக இருப்பதாக எழுதியிருந்தேன். சார்வாள் தடவிப் பார்த்துவிட்டு, "சோறு போடுதாங்களா, பூச்சி போடுதாங்களாலே?" என்றார்.

நிழல் என்றதும் இன்னொன்று. அகரத்துக்குப் பிரெயிலில் ஒன்றாம் புள்ளி மட்டும். மெய்யெழுத்தின் தலைமேல் நாம் வைக்கும் புள்ளிக்கு, இரண்டாம் வரிசையின் தலையில் இருக்கும் நான்காம் புள்ளி மட்டும். அதுவும் எழுத்துக்கு முன்னால் வரும். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று மற்றொன்றின் கண்ணாடி உருவம். தமிழ் இலக்கணம் நடத்துகிறவனுக்கு இதில் ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. 'க' என்பது ககர மெய்யோடு அகரம் ஏறியது. புள்ளி வைத்தால் அகரம் இறங்கிவிடும். ஏற்றுகிறவனும் இறக்குகிறவனும் எதிரெதிர்ச் சுவரில் நிற்கிறார்கள். இது யாரோ திட்டமிட்டதா, தானாக அமைந்ததா என்ற ஆராய்ச்சி எனக்கு வேண்டாம். விரலுக்குப் பிடித்திருக்கிறது.

புள்ளிக்கும் தமிழனின் கருவிக்கும் பழைய பகை ஒன்று இருந்தது. ஓலையில் எழுத்தாணியால் எழுதியவர்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கத் தயங்கினார்கள். குத்தினால் ஓலை பொத்துவிடும். எழுத்தைக் கீறிவிட்டுப் புள்ளியைப் படிப்பவனின் ஊகத்துக்கு விட்டார்கள். பின்னால் ஏடு பார்த்துப் பதிப்பித்த உ.வே.சா. போன்றவர்கள் எது மெய், எது உயிர்மெய் என்று புள்ளியில்லாத வரிகளோடு மல்லுக்கட்டியது தமிழ் படித்தவர்களுக்குத் தெரிந்த கதை. உங்கள் எழுத்தாணியில் அந்தத் தயக்கம் இல்லை. அதற்குத் தெரிந்தது புள்ளி மட்டும்தான். தமிழ்ப் புள்ளி ஒன்றுகூட ஊகத்துக்கு விடப்படாமல் எழுதப்படும் இடம் எங்கள் தாள்.

உங்கள் தொழிலின் முன்னோர்களையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். பிரான்சில் கூப்வ்ரே என்ற ஊரில் குதிரைச் சேணம் தைக்கிறவரின் மகன் லூயி. 1809-இல் பிறந்தவன், மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் தோல் குத்தும் ஊசியை எடுத்து விளையாடிக் கண்ணைக் குத்திக்கொண்டான். நாளடைவில் இரண்டு கண்ணும் போயின. பத்து வயதில் பாரிஸ் பார்வையற்றோர் பள்ளிக்குப் போனான். அந்தப் பள்ளியைத் தொடங்கிய வாலன்டின் ஆவுயி நல்ல மனிதர். அச்செழுத்தையே பெரிதாக, புடைப்பாகத் தாளில் அழுத்தித் தந்தார். பிள்ளைகள் தடவித் தடவிப் படித்தார்கள். ஆனால் அந்த எழுத்தை அவர்களால் எழுத முடியாது. அதற்கு அச்சு வேண்டும், ஈயம் வேண்டும், பார்வையுள்ள ஒருவர் வேண்டும்.

அப்புறம் சார்ல் பார்பியே என்ற முன்னாள் பீரங்கிப்படை அதிகாரி, பன்னிரண்டு புள்ளிகள் கொண்ட ஒரு முறையோடு அந்தப் பள்ளிக்கு வந்தார். அவர் முறையோடு கருவியும் வந்தது: கோடுகோடாகப் பள்ளம் விழுந்த பலகை, நகர்த்தும் சட்டம், மழுங்கிய முனையுள்ள ஊசி. இன்றைய ஸ்லேட்டின் பாட்டன் அதுதான். எழுதுகருவியைப் பொறுத்தவரை என் முதல் கும்பிடு பார்பியேவுக்கே. ஆனால் அவர் முறை ஒலியை மட்டும் குறித்தது. எழுத்துக்கூட்டல் அதில் இல்லை. பார்வையற்றவனுக்கு ஒலி போதும் என்று அவர் நினைத்திருக்கலாம். லூயிக்குப் போதவில்லை. பன்னிரண்டை ஆறாகக் குறைத்து, ஒலிக்குப் பதில் எழுத்தை வைத்தான். பதினைந்து வயதில் முறை உருவானது. 1829-இல் புத்தகமாக வந்தது. அந்த முதல் பதிப்பில் புள்ளிகளோடு சிறு கோடுகளும் இருந்தன. ஊசியால் கோடு இழுப்பது சிரமம். 1837-இல் வந்த திருத்தத்தில் கோடுகள் போய்ப் புள்ளிகள் மட்டும் நின்றன. ஓலை தமிழ்ப் புள்ளியை விழுங்கியதுபோல, ஸ்லேட் பிரெயிலின் கோட்டை விழுங்கியது. எழுத்துக்குக் கருவி அடிமை என்று நினைக்கிறோம். பல நேரம் கருவி இட்ட சட்டத்துக்குள்தான் எழுத்து வளைந்து கொடுத்திருக்கிறது.

அந்தப் பள்ளியிலேயே ஒரு காலத்தில் அந்த எழுத்தைத் தடை செய்தார்கள். பிள்ளைகள் ஒளித்துவைத்து எழுதினார்கள். அச்சகத்தைத் தடை செய்யலாம். சட்டைப்பைக்குள் போகிற ஊசியையும் தகட்டையும் எப்படித் தடை செய்வது? லூயி 1852-இல் இறந்த பிறகுதான், 1854-இல், பிரான்ஸ் அந்த முறையை ஏற்றது.

நம் நாட்டுக் கதையும் லேசானதல்ல. ஒரு காலத்தில் இந்தியாவில் ஊருக்கு ஒரு பிரெயில், பள்ளிக்கு ஒரு பிரெயில் என்று இருந்தது. 1951-இல்தான் எல்லா மொழிக்கும் பொதுவாக பாரதி பிரெயில் முடிவானது. அதே ஆண்டு டேராடூனில் மத்திய பிரெயில் அச்சகம் வந்தது. பிறகு உங்கள் பட்டறை. பாரதி பிரெயிலில் தமிழ் 'க'வும் இந்தி 'க'வும் வங்காள 'க'வும் ஒரே இரண்டு புள்ளிதான். அதனால் உங்களுக்கு மொழிக்கொரு அச்சு வார்க்கும் வேலை இருக்கவில்லை. தமிழுக்கு 247 எழுத்து என்று நாங்கள் மார்தட்டிக்கொள்கிறோம். உங்கள் தகடு ஆறு குழியில் அவ்வளவையும் வாங்கிக்கொள்கிறது. மலையடிவாரத்து டேராடூனில் அடித்த தகடு, கரிசல்காட்டில் ஒரு தறிக்காரன் மகனிடம் வந்து எந்த மாற்றமும் இல்லாமல் தமிழ் பேசியது.

இயந்திரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், இல்லையென்றால் நன்றி அரைகுறையாகும். பெர்கின்ஸ் பிரெயிலர் என்ற தட்டச்சு இயந்திரமும் 1951-இல்தான் வந்தது. டேவிட் ஆபிரகாம் என்ற ஆசிரியர் வடிவமைத்தது. ஆறு விசைகளில் வேண்டியவற்றைச் சேர்த்து அழுத்தினால் ஓர் எழுத்து ஒரே தட்டில் விழும். பருக்கை மேல்நோக்கியே எழுவதால் திருப்பாமல் படிக்கலாம். நம் காட்பாடியில் வொர்த் டிரஸ்ட் பட்டறையில் மாற்றுத்திறனாளிகளின் கைகளே அந்த இயந்திரத்தைச் செய்கின்றன என்பதில் எனக்குப் பெருமை உண்டு. கணக்குப் போட, கட்டுரை எழுத அதற்கு நிகரில்லை. ஆனால் எடை ஏறக்குறைய 5 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறி, ஒரு போன் நம்பர் குறித்துக்கொள்ள முடியுமா? சட்டைப்பையில் கிடக்கும் பென்சிலின் இடம் உங்கள் ஸ்லேட்டுக்குத்தான்.

ஒரு கணக்கு சொல்கிறேன். 'அம்மா' என்று எழுத பிரெயிலருக்கு ஐந்து தட்டு போதும். ஸ்லேட்டில்? அகரத்துக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று, மகரத்துக்கு மூன்று, மறுபடி மகரத்துக்கு மூன்று, ஆகாரத்துக்கு மூன்று. ஆகப் பதினொரு குத்து.

விடுதியிலிருந்து வாரம் ஒரு கடிதம் வீட்டுக்குப் போடுவேன். பிரெயில் கடிதத்துக்குத் தபால்தலை வேண்டாம். வீட்டில் யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது என்பது வேறு விஷயம். விடுமுறைக்கு வந்தபோது அம்மா அத்தனை தாளையும் அரிசிப்பானைக்குப் பின்னால் அடுக்கிவைத்திருந்தாள். "முதல்ல இருக்கது எம்பேருதான?" என்று கேட்டாள். எப்படித் தெரியும் என்றேன். "எல்லாத்துலயும் தொடக்கம் ஒண்ணுபோல இருக்கு. ஒண்ணு, ஒண்ணு, மூணு, மூணு, மூணு" என்றாள். தார் சுற்றிச் சுற்றி, அறுந்த இழையை விளக்கில்லாமல் பிடித்து முடிபோட்ட விரல் அது. எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா வாழ்நாளில் படித்த ஒரே சொல், உங்கள் தகட்டில் குத்தியது.

நான் உங்களுக்கு நன்றி சொல்வது வாசிக்கக் கிடைத்ததற்காக மட்டும் என்றால், அந்த நன்றியை அச்சகத்துக்கும் ஒலிநாடாவுக்கும் இன்றைய போனுக்கும் பங்கு போட்டுவிடலாம். எழுதக் கிடைத்ததற்கு உங்களைத் தவிர யாருமில்லை. வாசிப்பைப் பிறர் எனக்குச் செய்து தரமுடியும். எழுத்தை நானேதான் செய்யவேண்டும்.

பரீட்சைகளில் எனக்காக எழுத வந்த ஒரு பிள்ளை, நான் 'மனம்' என்று சொன்னதையெல்லாம் 'மணம்' என்று எழுதிவைத்தது பின்னால்தான் தெரிந்தது. ஒரு வங்கியில், கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லியும் பெருவிரலை மையில் தோய்த்து உருட்டினார்கள். சொந்தச் சொல் இல்லாதவனை உலகம் அப்படித்தான் நடத்தும். ஆனால் ஓட்டு இயந்திரத்தில், வேட்பாளர் பெயருக்கு நேரே பிரெயிலில் எண் பொறித்தபிறகு நானே தடவிப் பார்த்து நானே அழுத்திவிட்டு வெளியே வருகிறேன். யாருக்குப் போட்டேன் என்று என் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. ஸ்லேட்டில் எழுதிவைத்த நாட்குறிப்பும் அப்படித்தான். நான் எழுதியதை நான் மட்டும் படிக்கலாம் என்ற சுகத்தை எனக்குத் தந்த முதல் பொருள் உங்களுடையது.

இன்று பிள்ளைகள் கையில் போன் இருக்கிறது. எதைக் காட்டினாலும் வாசித்துச் சொல்கிறது. நானும் வைத்திருக்கிறேன், நாளிதழ் கேட்காமல் எனக்குக் காப்பி இறங்காது. ஆனால் வகுப்பில் பார்க்கிறேன்: கேட்டே படித்த பிள்ளைக்கு ரகரம் எது, றகரம் எது என்று தெரியவில்லை. னகரமும் நகரமும் காதில் ஒன்றுதான். எங்கள் பக்கத்துப் பேச்சில் 'பழம்' பாதி வாயில் 'பளம்'தான். காதை மட்டும் நம்பினால் தமிழில் பாதி எழுத்து காணாமல் போய்விடும். ழகரம் ஐந்து புள்ளி, ளகரம் மூன்று. ஐந்து முறை குத்தி எழுதியவனுக்கு அது மறக்குமா? பார்பியே தந்த ஒலி போதாதென்று இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பதினைந்து வயதுப் பையன் எழுத்தைக் கேட்டானே, அந்தச் சண்டையை நாம் திரும்பத் தோற்றுக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் வழி வருகிற புதிய வடிவமைப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் அவ்வப்போது என்னிடம் வருவார்கள். நல்ல பிள்ளைகள். "சார், திருப்பி எழுதவேண்டிய கஷ்டத்தை ஒழித்துவிட்டோம்" என்று ஒரு கருவியைக் கையில் வைப்பார்கள். மேல்நோக்கிப் பருக்கை எழுப்பும் ஸ்லேட்டுகள் உலகில் ஏற்கெனவே உண்டு. குழியிருக்கும் இடத்தில் முளை, ஊசிமுனையில் குழி. புதிதாகக் கற்பவருக்கு, வயதான பிறகு பார்வை இழந்தவருக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் எனக்குத் திருப்பி எழுதுவது என்றைக்கும் தொல்லையாக இருந்ததில்லை. வியர்த்த கையில் வழுக்காத கைப்பிடி செய்யுங்கள். இடதுகைக்காரப் பிள்ளைக்கும் பொருந்துமா என்று பாருங்கள். எழுதிக்கொண்டே வந்த வரியைத் தாளை எடுக்காமல் தடவிப் பார்க்க ஒரு வழி செய்யுங்கள். கீல் தளர்ந்தால் சங்கரன்கோவில் பூட்டுக்கடைக்காரரே சரிசெய்கிற மாதிரி செய்யுங்கள். எதையும் செய்யுமுன் கண்ணைக் கட்டிக்கொண்டு பார்க்கவேண்டாம். அதில் ஒன்றும் தெரியாது. எழுதுகிறவன் பக்கத்தில் ஒரு மணிநேரம் சும்மா உட்காருங்கள். அந்த டேராடூன்காரர்கள் செய்திருப்பதைத் தொட்டுத் தொட்டுப் பாருங்கள்.

இந்த மடலின் முதல் படியை ஸ்லேட்டில்தான் எழுதினேன். அடித்தல் இருக்கிறது, தப்பான இடத்தில் ஆறு புள்ளியையும் குத்தி மூடிவிட்டு மேலே போவதுதான் எங்கள் அடித்தல். பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குள்ளும் ஒவ்வொரு குத்தும் என் கைக்குக் கேட்டது.

கடைசியாக, இதைக் கண்ணால் படித்துக்கொண்டிருக்கும் தாய் தகப்பன்மாருக்கு. உங்கள் தெருவில் பார்வையில்லாத ஒரு பிள்ளை இருக்கலாம். போன் வாங்கிக்கொடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு முந்தின நாள் ஒரு ஸ்லேட்டும் ஸ்டைலஸும் வாங்கிக்கொடுங்கள்.


சங்கரன்கோவிலிலிருந்து ஒரு தமிழாசிரியர்